அயோத்திதாசப் பண்டிதரும் ஒரு பைசா ஏடும்

நம் கல்விக் கழகம் தென்னூரில் மாலை வகுப்பாகத் தொடங்கிய நாளில் அதற்கு மூலதனம் என்று ஒன்று இருந்ததென்றால் அது ஓர் அரிசிப் பானையே ஆகும். உலையில் இடுமுன் வீட்டுக்கு ஒரு பிடி அரிசியைத் தாய்மார்கள் எடுத்துவைப்பர். ஞாயிறுதோறும் அது திரட்டப்பெறும். படிக்க வரும் பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்த்தது போக எஞ்சியதை விற்றுச் சிலேட்டும் நோட்டும் வாங்குவோம். இருபத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று நன்கொடையாளர்கள் இருக்கின்றனர். அரசின் உதவித்தொகை பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. ஆகவே பிடியரிசி எடுப்பதை நிறுத்திவிடலாம் என்றும், அதில் யாசகத்தின் வாடை அடிக்கிறது என்றும் செயற்குழுவில் இளைஞர் சிலர் வாதிட்டனர். பானையை எடுத்துவிட்டால் பள்ளி நமதன்று, கொடுப்பவனுடையதாகிவிடும் என்று பெரியோர் மறுத்தனர். கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. வெள்ளிவிழா மலருக்கு ஒரு பெரியார் வரலாறு எழுதுக என என்னைப் பணித்தபோது, இவ்வழக்கை நூறாண்டுக்கு முன்னரே தம் வாழ்நாள் முழுவதும் நடத்தியவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். அவரே இராயப்பேட்டை க. அயோத்திதாசப் பண்டிதர்.

1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பிறந்த பண்டிதருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன் என்பதாகும். தமக்குத் தமிழும் சித்த வைத்தியமும் போதித்த ஆசிரியர் வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராயப் பண்டிதர் மீது கொண்ட பக்தியினால் அவர் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். இவர்தம் பாட்டனார் கந்தப்பன் என்பார் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் தம் வீட்டிலிருந்த திருக்குறள், நாலடி நானூறு முதலிய ஓலைச்சுவடிகளைத் துரையிடம் கொடுக்க, அவை எல்லிஸ் துரையின் கைக்குச் சென்று அச்சேற வழியாயின என்று பண்டிதர் பிற்காலத்தில் எழுதிவைத்தார். பறையர் என்று ஊரால் ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் பரணில் குறள் இருந்தது என்னும் இச்செய்தியைப் பண்டிதர் வெறும் குடும்பப் பெருமையாகக் கொள்ளவில்லை. கல்வி தமக்குப் புதிதாக யாரோ ஈயவேண்டிய பொருளன்று, தம்மிடமிருந்து பறிபோன பொருள் என்னும் அவருடைய வாதத்திற்கு அதுவே முதற்சான்று.

இளமையில் அவர் நீலகிரியில் வாழ்ந்தார். 1870களில் அங்கே அத்வைதானந்த சபை என ஒன்றை நிறுவினார் என்பது அவர் அக்காலத்தில் வேதாந்தியாக இருந்தமையைக் காட்டும். புதல்வர்களுக்குப் பட்டாபிராமன், சானகிராமன் எனப் பெயரிட்டவர், பின்னர் ஒரு புதல்விக்கு மாயாதேவி எனப் புத்தர்தம் அன்னையின் பெயரை இட்டார். அவர் மனம் சென்ற வழியை அப்பெயர்களே சொல்லும். 1885இல் ஜான் ரத்தினம் பாதிரியாருடன் சேர்ந்து திராவிட பாண்டியன் என்னும் இதழை நடத்தினார். இரட்டைமலை சீனிவாசன் இவர்தம் மைத்துனர் ஆவார்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாடு பண்டிதர் முயற்சியால் கூடிற்று. இழிபெயரால் அழைப்பதைத் தடை செய்தல், பொதுக் கிணறு குளங்களில் நீர் எடுத்தல், கல்வி, உத்தியோகம் என்றிவ்வாறு பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. அவை காங்கிரசு மகாசபைக்கு அனுப்பப்பட்டன. அடுத்த ஆண்டு சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் கூடிய சென்னை மகாஜன சபைக் கூட்டத்திற்கு நீலகிரிப் பிரதிநிதியாகப் பண்டிதர் சென்றார். சிவன், விஷ்ணு ஆலயங்களில் எம்மவரையும் அனுமதித்தல் வேண்டும் என்று கேட்டார். மண்டபமே கொதித்தது. தஞ்சையிலிருந்து வந்த பிரதிநிதி ஒருவர் எழுந்து, உங்கள் குலத்தாருக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கறுப்பண்ணனும் இருக்க, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்குரிய தெய்வங்கள் அல்ல என்று கூறினார். பண்டிதர் உடனே, அங்ஙனமாயின் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா என்று விடை இறுத்து, எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், வெறுமையாய்க் கிடக்கும் நிலமும் கொடுக்கச் சொல்லுங்கள் எனத் தம் கோரிக்கையை மாற்றினார்.

அவர் வாழ்வின் திருப்பம் இந்தக் கணத்தில்தான் நிகழ்ந்தது என்பது என் துணிபு. கோயில் வாயிலில் நின்று கேட்பதை அவர் அன்றோடு விட்டார். அரசாங்கத்தாரிடம் கேட்பதை விடவில்லை. ஆயுள் முழுதும் மனு எழுதிக்கொண்டே இருந்தார். ஆனால் அயலானிடம் மதிப்பை இரந்து பெறமுடியாது, அதைத் தம்மவர் கூடித் தமக்குள்ளேயே ஆக்கிக்கொள்ளவேண்டும் என்பதை அந்த மண்டபம் அவருக்குக் கற்பித்தது.

அவர் தேடிய ஆதாரம் பௌத்தமாக அமைந்தது. பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் 1894 முதற்கொண்டு சென்னையில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் நடத்திவந்தார். 1898இல் பண்டிதர் தம்மவர் சிலருடன் ஆல்காட்டை அணுகி, எம் முன்னோர் பௌத்தர்கள், அவர்கள் அறத்தை மீண்டும் ஏற்க வழி செய்க என வேண்டினார். ஆல்காட் அவரையும், பஞ்சமர் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமி என்பாரையும் கொழும்புக்கு அழைத்துச் செல்ல, ஸ்ரீ சுமங்கல மகாநாயக தேரர் அவர்களுக்குப் பஞ்சசீலம் அருளினார். திரும்பிய பண்டிதர் இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். பெங்களூர், கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம், திருப்பத்தூர், கடல்கடந்து இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் எனத் தமிழ்க் கூலிமக்கள் பிழைக்கச் சென்ற இடங்களிலெல்லாம் அதன் கிளைகள் தோன்றின.

இக்கிளைகள் தோன்றிய விதம் கவனிக்கத்தக்கது. தலைமைக் கழகத்திலிருந்து பணமோ அதிகாரியோ போகவில்லை. சுரங்கத் தொழிலாளியும் சமையற்காரரும் பட்டாளத்துச் சேவகரும் தம் கூலியில் மிச்சம் பிடித்து இடம் அமைத்தனர். ஞாயிறுதோறும் கூடிப் பஞ்சசீலம் ஓதினர். எழுத்தறிந்தவர் அறியாதவருக்கு இதழைப் படித்துக் காட்டினர். திருமணத்தைப் புரோகிதரின்றித் தம்முள் மூத்தவரைக் கொண்டு நடத்தினர். இறந்தோர் அடக்கத்தையும் தாமே முன்னின்று செய்தனர். பிறப்பு, மணம், இறப்பு மூன்றிலும் நமக்கு மேலே ஒருவன் வந்து நின்றால்தான் காரியம் செல்லும் என்னும் நம்பிக்கை இவ்வாறு சிறிது சிறிதாகக் கழன்றது. சட்டம் போட்டு அதை எவரும் கழற்றியிருக்க முடியாது.

ஈண்டு உலக வரலாற்றில் ஒரு செய்தியைக் கூற வேண்டும். பண்டிதருக்கு மூன்றாண்டு மூத்தவர் உருசிய நாட்டுப் பீட்டர் குரோப்போத்கின். மாஸ்கோவில் 1842இல் அரசகுலத்தில் பிறந்து, சைபீரியாவில் படை அதிகாரியாய் இருந்து, அங்கு விலங்குகளும் சிற்றூர் மக்களும் கடுங்குளிரில் எவ்வாறு உயிர் தரிக்கின்றனர் எனக் கண்டவர். பின்னர்ச் சிறையும் நாடுகடத்தலும் அனுபவித்தார். வலியது வாழும், மெலியது மடியும் என்று டார்வின் பெயரால் அறிஞர் பலர் பேசிவந்த நாளில், பரஸ்பர உதவியே உயிர்கள் தழைத்தற்குக் காரணம் என்று 1890 முதல் கட்டுரைகள் எழுதி 1902இல் நூலாக்கினார். அரசும் எசமானரும் இன்றி மக்கள் தாமே கூடி வாழ இயலும் என்பது அவர்தம் கொள்கை. அராஜகம் என நாம் மொழிபெயர்க்கும் அச்சொல்லுக்குக் கலவரம், குழப்பம் என்றே நம் நாட்டில் பொருள் பரவிவிட்டது. கொள்கையின் குறை அன்று அது, சொல்லுக்கு நேர்ந்த விபத்து. ஆதி பௌத்தத்திலும் ஆதி கிறித்தவத்திலும் இப்பரஸ்பர உதவியின் கருத்து புத்துயிர் பெற்று எழுந்ததாக அந்நூலின் முடிவுரையில் குரோப்போத்கின் குறிப்பிடுகிறார். அதே ஆண்டுகளில் இராயப்பேட்டையில் ஒரு தமிழ் வைத்தியர் அந்த ஆதி பௌத்தத்தையே தம் மக்களிடையே எழுப்பிக்கொண்டிருந்தார்.

பண்டிதரை அராஜகவாதி என்று நான் கூறவரவில்லை. அவர் ஆங்கில ஆட்சியை நம்பியவர். சுதேசி இயக்கத்தை மிகக் கடுமையாகக் கண்டித்தவர். சாதி ஒழியாத சுதேசியம் யாருக்கு என்பதே அவர் கேள்வி. தமிழருள் அப்பெயருக்கு மெய்யாகவே உரியவர் வேறொருவர். 1887இல் சென்னையில் பிறந்த மா. பா. திருமலாச்சாரியார். பாரதியாருடன் இந்தியா பத்திரிகையில் உழைத்தவர், ஐரோப்பா சென்று, 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி அமைத்தவருள் ஒருவராகி, அதனின்றும் பிரிந்து அராஜகவாதியாய் வாழ்ந்து, 1954இல் பம்பாயில் வறுமையில் மறைந்தார். கொள்கையைப் பேர்சொல்லிச் சுமந்தவர் அவர். பேர் அறியாமலே அதன் ஒரு பாதியைத் தெருவில் நடத்திக்காட்டியவர் பண்டிதர். நம்போன்ற சங்கத்தார்க்கு இரண்டாமவரிடம் கற்க வேண்டியது அதிகம்.

1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் புதன்கிழமை ஒரு பைசாத் தமிழன் வெளிவந்தது. நான்கு பக்கம், விலை பெயரிலேயே இருந்தது. அக்காலத்து ரூபாய்க்கு 64 பைசா. காலணா என்பதும் அதுவே. வாரம் ஒரு காலணாவை மிச்சம் பிடிக்க வல்லவன் எவனும் அதற்குப் புரவலன் ஆகலாம். ஓராண்டு கழித்து வாசகர் விருப்பப்படி தமிழன் என்று பெயர் சுருங்கிற்று. புதன்தோறும் பண்டிதர் இறக்கும் வரை அது வந்தது. சமீன்தார்களின் தயவில் நடந்த பத்திரிகைகள் அக்காலத்தில் பல இருந்தன. சந்தாதாரனின் காலணாவில் நடந்த தமிழன், கோலார் சுரங்கத்திலும் இரங்கூன் துறைமுகத்திலும் நேட்டால் தோட்டத்திலும் காத்திருந்து படிக்கப்பட்டது. வாசகர்கள் ஐயம் கேட்டு எழுதுவர். பண்டிதர் விடை எழுதுவார். எந்த ஊரில் எந்தக் கிணற்றில் தடுத்தார்கள், எந்தப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள் என்னும் செய்திகள் அதில் வந்தன. முறையிட இடமில்லாத மக்களுக்கு அது முறையிடும் மன்றமும் ஆயிற்று.

இவ்வேட்டில் அவர் எழுதிய தொடர்கள் பல: இந்திரர் தேச சரித்திரம், புத்தரது ஆதிவேதம், திருக்குறள் உரை முதலியன. அவற்றுள் பண்டிகைகளைப் பற்றி அவர் எழுதியவை என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தவை. தீபாவளி ஓர் அசுரனைக் கொன்ற நாள் என்று புராணம் கூறும். பண்டிதரோ, பௌத்த சங்கத்தார் எள்ளின் நெய்யைக் கண்டுபிடித்து, அதன் குணத்தை ஆராய்ந்து, உடலில் தேய்த்து நீராடும் முறையை மக்கட்கு அறிவித்த நாள் அது என்றார். கார்த்திகைத் தீபம் ஆமணக்கு நெய்யின் பயன் கண்ட நாள் என்றார். ஒளவையாரைப் பௌத்த அறம் போதித்த அம்பிகையம்மனாகக் கண்டு, அவர் நீதிநூல்களுக்கு உரை எழுதினார். கொலையைக் கொண்டாடும் நாள்களை, யாரோ சிலர் கண்டறிந்த நன்மையை எல்லார்க்கும் பகிர்ந்த நாள்களாக அவர் மாற்றினார்.

இவை சரித்திரமா என்று கேட்டால், ஆம் என வரலாற்றாசிரியர் ஒப்பமாட்டார். சொற்களைப் பிரித்துப் பொருள் காணும் அவர் முறை சில இடங்களில் இழுத்துப் பிடித்ததாகவே இருக்கிறது. அதனை மறைப்பதில் பயனில்லை. ஆயினும் முழுதும் கற்பனை என ஒதுக்கவும் இயலாது. தென்னூரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது உறையூர். ஐந்தாம் நூற்றாண்டில் பாலி மொழியில் அபிதம்மாவதாரம் முதலிய நூல்களை இயற்றிய புத்ததத்தர், உரகபுரம் எனத் தம் ஊரைச் சொல்வது இவ்வுறையூரையே என்பர் ஆய்வாளர். சோழநாட்டில் பௌத்தம் தழைத்திருந்த மண்ணின்மேல்தான் நாமும் குடியிருக்கிறோம். பண்டிதர் தம் மக்களுக்கு ஒரு பழங்காலத்தைத் தந்தபோது, அது முற்றிலும் இல்லாத இடத்திலிருந்து எடுத்ததன்று.

பண்டிதர் பிழைப்புக்குச் செய்தது வைத்தியம். இராயப்பேட்டையில் அவர் கையால் குணம் பெற்றோருள் ஒருவர் திரு. வி. கலியாணசுந்தரனார். சிறுவயதில் முடங்கிய உறுப்புகள் பண்டிதர் மருந்தினால் நிமிர்ந்ததைத் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் திரு. வி. க. நன்றியோடு எழுதியுள்ளார். சைவப்பற்று மிக்க இளைஞராய் இருந்தபோது பௌத்தக் கூட்டங்களுக்கு எதிராகக் கிளர்ந்தவரும் அவரே. தம் மருந்தால் நிமிர்ந்தவன் தம் கூட்டத்தில் கலகம் செய்ய வருவதைப் பண்டிதர் எவ்வாறு பொறுத்தாரோ! அந்தத் திரு. வி. க. 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவருள் ஒருவராய் விளங்கினார்.

இனிக் கசப்பானதையும் எழுதவேண்டும். நம்மவர் மலரில் நம் பெரியாரைக் குறை சொல்வதா எனச் சிலர் வருந்தக்கூடும். பண்டிதர் தம் மக்களைச் சாதிபேதமற்ற திராவிடர் என்றும் பூர்வ பௌத்தர் என்றும் அழைத்தார். 1911 குடிக்கணக்கில் சாதி குறியாமல் பௌத்தர் என்று பதியவேண்டும் என இயக்கம் நடத்தினார். அத்தனை பெரிய நோக்குடையவர், தாழ்த்தப்பட்டவர் வேறு, இயல்பிலேயே தாழ்ந்தவர் வேறு எனப் பிரித்து, தோட்டிகளையும் சக்கிலியரையும் குறவரையும் இரண்டாம் வகையில் வைத்து எழுதினார். பஞ்சமர் என்று எல்லோரையும் ஒரே பட்டியலில் சேர்ப்பதை அவர் எதிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். பறையர் இழிந்தோர் அல்லர் என்று நிறுவ அவர் எழுப்பிய மாளிகையின் பின்புறத்தில் இன்னொரு சேரி நின்றது. அருந்ததியர் எழுத்தாளர்கள் இதனை நம் காலத்தில் கேட்டனர், கேட்டது நியாயமே.

பரஸ்பர உதவி என்பது எல்லை போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர். புளியந்தோப்பில் அவர்கள் குடிசைகள் தீக்கிரையாயின. சங்கம் என்ற சொல் அவர்கள் தெருவுக்குள் அதுவரை முழுமையாக வந்திருக்கவில்லை, தீ வந்தது. பண்டிதர் அப்போது உயிருடன் இல்லை. அவரைப் போற்றும் நாம், நம் தெருவுக்குக் கீழ்க்கோடியில் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பு உள்ள நாம், அந்த வீடுகளிலிருந்து பிடியரிசி வாங்கினோமா, அங்குள்ள பிள்ளைகளை அழைத்து உட்காரவைத்தோமா என்று கேட்டுக்கொண்டால் முதல் ஆறு ஆண்டுகளுக்கு விடை இல்லை என்பதே. ஏழாம் ஆண்டில் ஒரு தாய் தானே வந்து முந்தானையிலிருந்த அரிசியைப் பானையில் கொட்டி, தன் மகளை வகுப்பில் விட்டுச் சென்றார். யாரும் அழைத்து அவர் வரவில்லை. அன்று நான் கணக்குப் புத்தகத்துடன் வாயிலில் அமர்ந்திருந்தேன். அவர் பெயரை எழுத ஒரு கணம் தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அரசின் உதவியைப் பெறுவது பற்றிய வாதத்தில் பண்டிதரை இரு தரப்பாரும் சான்றாகக் காட்டலாம். நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியைச் சர்க்கார் தரவேண்டும் எனக் கேட்டவர் அவர். அதைப் பிச்சை எனக் கருதவில்லை, வரி கொடுக்கும் குடிகளின் பாத்தியதை எனக் கருதினார். அவரே தம் இதழையும் சங்கத்தையும் அதிகாரிகளின் தயவில் நடத்தவில்லை. மனு ஒரு கையில், காலணா மறு கையில். எதிரெதிராய்த் தோன்றும் இவ்விரண்டையும் அவர் ஒருங்கே வைத்திருந்தார். ஒன்றுக்காக மற்றொன்றை விடவில்லை.

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பண்டிதர் காலமானார். திருக்குறளுக்கு அவர் எழுதிவந்த உரை பாதியில் நின்றது. பாட்டன் பரணிலிருந்து தொடங்கிய கடன் முழுதும் அடைபடவில்லை. மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார், பின்பு நின்றுபோயிற்று. 1926இல் கோலார் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் ஆசிரியராய் அமையத் தமிழன் மீண்டும் எழுந்தது. பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பாறை வெட்டியவர்களின் கூலியே மறுபடியும் அதன் மூலதனம். சென்னைப் பௌத்தர் இலட்சுமி நரசு 1907இல் எழுதிய ஆங்கில நூலை 1948இல் அண்ணல் அம்பேத்கர் தம் முன்னுரையுடன் மறுபதிப்புச் செய்தார். 1956இல் நாகபுரியில் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. அதற்கு 58 ஆண்டுகட்கு முன் கொழும்பில் பஞ்சசீலம் ஏற்ற தமிழரைத்தான் நெடுங்காலம் எவரும் அறியவில்லை. பாடநூல்களில் அவர் பெயர் இருக்கவில்லை. நூலகங்களில் தமிழன் தொகுதிகளைத் தேடினால் கிடைத்தல் அரிதாயிருந்தது.

1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பின்னரே தமிழுலகம் அவரை மீண்டும் படித்தது. 2005இல் தபால் தலை வந்தது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கிற்று. ஆனால் தொகுப்பதற்கு ஏடுகள் எங்கிருந்து கிடைத்தன? பழைய வாசகர்களின் பிள்ளைகளும் பேரர்களும், பௌத்த சங்கங்களைச் சேர்ந்த முதியோரும், தகரப் பெட்டிகளில் துணி சுற்றி வைத்திருந்த இதழ்களே அவை. அவர்களுள் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்துச் சிறு வீடுகளில் வாழ்ந்தவர்கள். மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ், காலணா கொடுத்து வாங்கிய காகிதத்தை எண்பது ஆண்டுகளுக்கு மேல் செல்லரிக்காமல் காத்திருந்தார்கள்.